நிறுத்து என்று சொல்லும் உரிமை

(செனாவாங்கில் தொழிற்கல்வி மாணவர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இராணுவ முகாமில் மின் பராமரிப்புக் குழுவை வழிநடத்துவது பற்றிப் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். இந்த ஊரில் அதைப் பேசுவது மிகவும் பொருத்தம். செனாவாங் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். இன்று தொழிற்பேட்டையும் குடியிருப்புத் தாமான்களும் கொமுட்டர் ரயில் நிலையமும் நெடுஞ்சாலையும் அந்த மண்ணை மூடிவிட்டன. இதே மாநிலத்தில் போர்ட்டிக்சன் கடற்கரையோரம் முகாம்கள் இருக்கின்றன. சிரம்பானில் ராசா முகாம் இருக்கிறது. ஜொகூர் எல்லையில் கிம்மாஸ் இருக்கிறது. நெகிரி செம்பிலானில் வயர்மேன் வேலை கற்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை, என்றாவது ஒரு நாள் முகாம் வாசலில் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டுக் கருவிப் பெட்டியோடு உள்ளே போக வேண்டி வரலாம்.

நான் அப்படிப் போனவன். பின்னர் அங்கே ஒரு குழுவை நடத்தியவன். எந்த முகாம், அதில் எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் சொல்லமாட்டேன். உள்ளே பார்த்ததை வெளியே பேசாமல் இருப்பது இந்தத் தொழிலின் முதல் ஒழுக்கம். எல்லா முகாம்களுக்கும் பொதுவானதை மட்டும் இங்கே பேசுகிறேன்.

என் பேச்சின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகாம் கட்டளையால் இயங்கும் இடம். அந்த இடத்தில் மின் வேலை செய்யும் குழுவில், ஆகக் கடைசியில் நிற்கும் பயிற்சிப் பையன் "நிறுத்துங்கள்" என்று சொன்னால், அந்தக் கணமே வேலை நிற்க வேண்டும். காரணத்தைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். இந்த உரிமையைக் குழுவுக்குள் உருவாக்குவதும், வெளியிலிருந்து வரும் நெருக்கடியிலிருந்து அதைக் காப்பதும்தான் தலைவனின் தலையாய வேலை. மற்றத் திறமைகள் எல்லாம் அதற்கு அடுத்தவை.

முகாம் என்றதும் துப்பாக்கியும் அணிவகுப்பும் நினைவுக்கு வரும். மின் பணியாளன் கண்ணுக்கு அது ஒரு சிறு நகரம். 11,000 வோல்ட்டில் மின்சாரம் உள்ளே வருகிறது. டிரான்ஸ்பார்மர் அதைக் குறைத்து 400 வோல்ட் மும்முனையாகவும், வீட்டுக்கு 230 வோல்ட்டாகவும் தருகிறது. பிரதான சுவிட்ச்போர்டிலிருந்து கிளை போர்டுகள், அங்கிருந்து அலுவலகம், படைவீரர் தங்கும் விடுதி, சமையற்கூடம், குளிர்ப்பதன அறை, நீரேற்றும் பம்பு, மருத்துவ அறை, காவல் அறை, வேலி விளக்கு, குடும்பக் குடியிருப்பு என்று கேபிள்கள் பிரிகின்றன. இவற்றோடு ஆயுதக் கிடங்கும் வெடிபொருள் கிடங்கும் சேர்கின்றன. அங்கே ஒரு தளர்ந்த இணைப்பு தரும் சிறு பொறிக்குக்கூட இடமில்லை.

நம் நாட்டு வானிலையையும் சேர்த்துப் பாருங்கள். உலகில் இடி அதிகம் இடிக்கும் பகுதிகளில் மலேசியத் தீபகற்பத்தின் மேற்குக் கரை ஒன்று. கிடங்குகளின் இடிதாங்கி, அதன் இறங்கு கம்பி, மண்ணுக்குள் போகும் எர்த்துக் கம்பி ஆகிய மூன்றும் ஒரே தொடராக நிற்க வேண்டும். இடிதாங்கி எர்த்தின் தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. வெயில் காலத்தில் மண் காய்ந்தால் அது உயரும். கிளாம்பு துருப்பிடித்தாலும் உயரும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கருவி வைத்து அளக்க வேண்டும். அளந்த எண்ணைத் தேதியோடு எழுத வேண்டும். போன முறை 4, இந்த முறை 8 என்றால், இரண்டுமே எல்லைக்குள் இருந்தாலும் மண்ணுக்கடியில் ஏதோ மாறியிருக்கிறது. அந்த வித்தியாசத்தைக் கவனித்துத் தோண்டிப் பார்க்கச் சொல்பவனே நல்ல தலைவன்.

இனி, இந்த வேலையில் நம்மவர்களின் பங்கு. 1933 மார்ச் 1ஆம் நாள் போர்ட்டிக்சனில் 25 இளைஞர்களோடு ஒரு சோதனைப் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. அதுவே மலாய் ரெஜிமெண்டாகி, இன்றைய மலேசியத் தரைப்படையின் வேராக அமைந்தது. படைகள் வளர வளர முகாம்கள் எழுந்தன. 1950களின் இறுதியில் மலாக்காவில் காமன்வெல்த் படைகளுக்காகத் தெரண்டாக் முகாம் கட்டப்பட்டது. அதற்கு முன்பே சிங்கப்பூரின் செம்பாவாங்கில் பிரிட்டிஷ் கடற்படைத் தளம் எழுந்து, 1938 பிப்ரவரி 14இல் ஆறாம் ஜார்ஜ் மன்னர் பெயர் தாங்கிய கப்பல் பழுதுபார்க்கும் துறை திறக்கப்பட்டது. அந்தத் தளத்தில் ஆயிரக்கணக்கான இந்தியர்கள் வேலை பார்த்தார்கள். மலையாளிகள் அதிகம், தமிழர்களும் கணிசம். கூலிகளாக நுழைந்த குடும்பங்களிலிருந்து அடுத்த தலைமுறை பிட்டராகவும் வெல்டராகவும் எலக்ட்ரீஷியனாகவும் உயர்ந்தது.

1968 ஜனவரியில், 1971 முடிவதற்குள் படைகளை விலக்கிக்கொள்வதாகப் பிரிட்டன் அறிவித்தது. 1968 டிசம்பரிலேயே கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்கு வந்து செம்பாவாங் ஷிப்யார்டு ஆனது. கொடி மாறியது. தரைக்கு அடியில் ஓடிய கேபிள்கள் மாறவில்லை. எந்தக் கேபிள் எங்கே போகிறது, எந்த போர்டுக்கு இரண்டு வழியில் மின்சாரம் வருகிறது என்று அறிந்தவர்கள் அங்கே வேலை செய்த மனிதர்கள்தான். தொழிலாளியின் அறிவு ஒரு தளத்தின் சொத்து என்பதை அந்த மாற்றம் காட்டியது. இதை இன்றைய நிலைமையோடு சேர்த்துப் பின்னால் சொல்கிறேன்.

இந்தியாவில் இந்த வேலைக்கென்றே ஒரு தனி அமைப்பு இருக்கிறது. 1923இல் தொடங்கிய இராணுவப் பொறியியல் சேவை, எம்.இ.எஸ். என்று அழைக்கப்படுவது. ஆவடியிலும் தாம்பரத்திலும் சூலூரிலும் வெலிங்டனிலும் படைத்தளங்களின் விளக்கும் தண்ணீரும் அதன் பொறுப்பு. சீருடைப் பொறியாளர்களும் சிவிலியன் எலக்ட்ரீஷியன்களும் அங்கே ஒரே அமைப்பில் வேலை செய்கிறார்கள். நம் நாட்டிலும் பல நாடுகளிலும் இந்த வேலையின் பெரும்பகுதி இப்போது கான்ட்ராக்டர்கள் வழியாக நடக்கிறது. எந்த ஏற்பாடாக இருந்தாலும், சிவிலியன் மின் பணியாளன் ஒரு கட்டளை உலகத்துக்குள் விருந்தாளியாக நிற்கிறான். அவனுக்குத் தோள்பட்டையில் பதவிச் சின்னம் கிடையாது.

இந்த இடத்தில் தோட்டத்து வாழ்க்கையைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இங்கே அமர்ந்திருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கு. துரை, கணக்கெழுதும் கிராணி, மேற்பார்க்கும் மண்டோர், அதற்குக் கீழே பால்வெட்டுத் தொழிலாளி. சொல் மேலிருந்து கீழே வரும். கீழிருந்து மேலே போகாது. "இந்த நிரையில் மரம் பட்டுப்போயிருக்கிறது" என்று சொல்லத் தெரிந்த மனிதர்கூட, கேட்டாலொழிய வாய் திறக்கமாட்டார். பேசினால் வேலை போகும்; வேலை போனால் லயத்து வீடும் போகும். அப்படிப்பட்ட இடத்தில் வாய் மூடி இருப்பது கோழைத்தனம் ஆகாது. அது குடும்பத்தைக் காக்கும் வழி. நம் தாத்தா பாட்டிமார் அந்த வழியில் நம்மை ஆளாக்கினார்கள். அவர்களை நான் குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அந்தப் பழக்கத்தை ஒரு வயர்மேன் சுவிட்ச்போர்டுக்கு முன்னால் கொண்டுபோனால் உயிர் போகும். முகாமில் மேஜர் சொன்னார், கான்ட்ராக்டர் சொன்னார், சூப்பர்வைசர் சொன்னார் என்று பேசாமல் கை வைத்தால், செம்புக் கம்பிக்கு அந்தப் பதவிகள் எதுவும் தெரியாது. 230 வோல்ட் ஈர உடம்பின் வழியாகப் பாய்ந்தால், உடம்பின் தடை 1,000 ஓம் என்று வைத்துக்கொண்டாலும் 230 மில்லி ஆம்பியர் ஓடும். இதயத் துடிப்பைக் குலைக்க அதில் ஒரு சிறு பங்கே போதும். இரண்டு தலைமுறையாக நாம் கற்ற அடக்கத்தை மரியாதையில் வைத்துக்கொள்வோம். மின் வேலையில் வைத்துக்கொள்ளக் கூடாது.

பேசாமல் இருந்தால், அல்லது பேசியும் கேட்பாரில்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2008 ஜனவரி 2ஆம் நாள், பாக்தாத்தில் ரத்வானியா அரண்மனை வளாகம். ஈராக் போரின்போது அமெரிக்கப் படை அதைத் தளமாகப் பயன்படுத்தியது. சிறப்புப் படையைச் சேர்ந்த 24 வயது வீரர் குளிக்கப் போனார். ஷவரில் மின்சாரம் பாய்ந்து இறந்தார். எதிரியின் குண்டில் தப்பியவர் குளியலறையில் போனார். கூரையில் இருந்த நீர்ப் பம்பு சரியாக எர்த்து செய்யப்படவில்லை. பம்பில் ஏற்பட்ட பழுது, தண்ணீர்க் குழாய்களையே மின்னூட்டியது.

நெஞ்சை உலுக்குவது இதற்குப் பின்னால் வெளிவந்தவை. அதே கட்டடத்தில் முன்பு தங்கியிருந்தவர்களுக்கும் ஷாக் அடித்திருக்கிறது. அவர்கள் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பராமரிப்பு ஒப்பந்தமோ, பழுது என்று சொன்னால் வந்து பார்க்கும் அளவில் இருந்தது. தானாகப் போய் முழுக் கட்டடத்தையும் சோதிக்கும் கடமை அதில் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றக் குழு விசாரித்தது. பாதுகாப்புத் துறையின் தலைமை ஆய்வாளர் விசாரித்தார். 2003 மார்ச்சுக்கும் 2009 மார்ச்சுக்கும் இடையில் ஈராக்கில் மின்சாரம் தாக்கி இறந்த 18 பேரின் மரணங்கள் ஆராயப்பட்டன. ஈராக்கிலுள்ள கட்டடங்களைச் சோதித்துச் சரிசெய்ய ஒரு தனிப் பணிக்குழுவே அமைக்க வேண்டி வந்தது.

தம்பிகளே, இந்த நிகழ்விலிருந்து ஒரு குழுத் தலைவன் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. முதலாவது: குளிக்கும்போது லேசாகச் சுருக்கென்றது என்று ஒருவர் சொன்னால், அதை விபத்தாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் சாகவில்லை என்பது மட்டுமே வித்தியாசம். அன்றிரவே அந்தச் சர்க்கியூட்டை நிறுத்த வேண்டும். தண்ணீர் வராவிட்டால் வாளியில் கொண்டுவந்து குளிக்கட்டும். இரண்டாவது: போய்ப் பார்த்த மின் பணியாளன் புகார் வந்த பொருளைச் சரிசெய்ததோடு திரும்பிவிடக் கூடாது. ஒரு பம்பில் எர்த்து இல்லையென்றால், அதே ஆட்கள் அதே காலத்தில் பொருத்திய மற்றப் பம்புகளிலும் இருக்க வாய்ப்பில்லை. ஒப்பந்தத்தில் இல்லாத வேலையை நாமே செய்துவிட முடியாது என்பது உண்மை. ஆனால் எழுதிக் கொடுக்க முடியும். "இந்த வரிசையில் உள்ள எல்லாப் பம்புகளையும் சோதிக்க வேண்டும், சோதிக்கும்வரை பயன்படுத்துவது ஆபத்து" என்று ஒரு தாள் எழுதி, பெற்றுக்கொண்ட அதிகாரியின் கையொப்பம் வாங்கி, நகலைக் கோப்பில் வைப்பதை எந்த ஒப்பந்தமும் தடுக்காது.

நம் நாட்டு விதிகளை எடுத்துக்கொள்வோம். 1990ஆம் ஆண்டு மின்சார விநியோகச் சட்டமும் 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளும் மிகத் தெளிவாக எழுதப்பட்டவை. வீடு தவிர மற்ற நிறுவல்களை ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது சோதிக்க வேண்டும். பாதுகாப்பு ரிலேக்களை இரண்டாண்டுக்கு ஒருமுறையாவது சோதித்து அளவு திருத்த வேண்டும். கசிவு மின்சாரத்தைக் கண்டு துண்டிக்கும் கருவியை, நாம் பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்று சொல்வதை, எந்த அளவில் வைக்க வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. பொதுவாக 100 மில்லி ஆம்பியர். கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்கு 30. தரை ஈரமாக இருக்கும் இடத்துக்கு 10. பாக்தாத் குளியலறையில் இப்படி ஒரு கருவி ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்தப் பிள்ளை வீடு திரும்பியிருப்பான். உங்கள் வீட்டிலும் அந்தக் கருவியில் 'டி' என்ற பொத்தான் இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் நாளைக்கே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

இந்த விதிகளின் அடுத்த தூண், தகுதி. சிங்கிள் பேஸ் வயர்மேன், த்ரீ பேஸ் வயர்மேன், கேபிள் இணைப்பவர், சார்ஜ்மேன் என்று ஒவ்வொரு நிலைக்கும் சான்றிதழ் தனி. எரிசக்தி ஆணையம் அதைத் தருகிறது. சார்ஜ்மேன்களில் தாழ்வழுத்தத்துக்கு ஒரு வகுப்பு, உயரழுத்தத்துக்கு ஒரு வகுப்பு. 11,000 வோல்ட் சுவிட்சை இயக்கும் அதிகாரம், அதற்குரிய சான்றிதழ் வைத்திருப்பவருக்கே உண்டு. இதுதான் நான் சொல்லும் உரிமையின் சட்ட முதுகெலும்பு. முகாமில் பெரிய அதிகாரி நிற்கலாம். அவர் படையணிக்குக் கட்டளையிடுவார். அந்த சுவிட்சைப் போடலாமா கூடாதா என்று முடிவெடுப்பவர் சார்ஜ்மேன். சட்டம் அந்தப் பொறுப்பை அவர் தலையில் வைத்திருக்கிறது. பொறுப்பு இருக்கும் இடத்தில்தான் அதிகாரமும் இருக்க வேண்டும்.

சரி, இந்த உரிமையை அன்றாட வேலையில் எப்படி நிலைநாட்டுவது? வாயால் சொன்னால் நிலைக்காது. வேலை முறைக்குள்ளேயே அது அமைந்திருக்க வேண்டும்.

நாங்கள் கடைப்பிடித்த முறையைச் சொல்கிறேன். பாதுகாப்பாக மின் வேலை செய்யும் எல்லா இடத்திலும் இதுவே முறை. பிரேக்கரை இறக்குவது முதல் படி. அதைப் பூட்டுவது இரண்டாவது. ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பூட்டு, தனித்தனிச் சாவி. நான்கு பேர் வேலை செய்தால் நான்கு பூட்டுகள் தொங்கும். நான்காவது ஆள் தன் பூட்டை எடுக்கும்வரை மின்சாரம் வராது. அந்த நான்காவது ஆள் நேற்றுச் சேர்ந்த பயிற்சிப் பையனாக இருந்தாலும் சரி. தலைவனிடம் மாற்றுச் சாவி கிடையாது. அந்தச் சிறு பூட்டு, குழுவில் எல்லோரையும் ஒரே உயரத்தில் நிறுத்துகிறது.

மூன்றாவது படி, மின்சாரம் இல்லை என்று நிரூபிப்பது. சோதிக்கும் கருவியை முதலில் மின்சாரம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அது வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு, நாம் கை வைக்கப்போகும் கம்பிகளில், ஒவ்வொரு முனைக்கும் இடையிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலும் வைக்க வேண்டும். முடிந்ததும் மறுபடி மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துக் கருவி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடுவில் கருவியின் பேட்டரி செத்திருந்தால் நாம் பார்த்த பூச்சியம் பொய். இதற்குப் பிறகுதான் கை.

ஒரு மாலை. மறுநாள் மண்டபத்தில் பெரிய நிகழ்ச்சி. ஒரு கிளை போர்டில் இணைப்பு சூடேறிக் கருகியிருந்தது, மாற்றிக்கொண்டிருந்தோம். பிரேக்கர் இறக்கிப் பூட்டு மாட்டியாகிவிட்டது. எங்களில் இளையவனான பையன் கருவியை வைத்தான். "அண்ணே, நிறுத்துங்க. லைன் இருக்கு" என்றான். எல்லோரும் கையை எடுத்தோம். ஒத்திகைக்கு விளக்கு வேண்டும் என்று வெளியே அதிகாரி காத்திருந்தார். நான் போய்ச் சொன்னேன்: "துவான், இந்த போர்டுக்கு வேறொரு வழியிலும் மின்சாரம் வருகிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை யாரும் தொடமாட்டோம். எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது சொல்ல முடியாது." அவர் என்னைப் பார்த்தார். "உங்கள் ஆள் சரி என்று சொல்லும்வரை என் ஆட்களும் உள்ளே வரமாட்டார்கள்" என்றார். ஒத்திகையை வெளியே திடலில் வைத்துக்கொண்டார்கள்.

தேடிப் பார்த்ததில், எப்போதோ ஒரு காலத்தில் அடுத்த கட்டடத்திலிருந்து ஒரு கேபிள் இழுத்துக் கொடுத்திருக்கிறார்கள். எந்த வரைபடத்திலும் அது இல்லை. பழைய முகாம்களில் இது புதுமையல்ல. பல கைகள் மாறிய கட்டடங்களில் வரைபடம் ஒன்று சொல்லும், சுவர் வேறொன்று சொல்லும். வண்ணங்களும் ஏமாற்றும். நம் நாட்டு நிலையான வயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் உயிருள்ள முனைகள், கறுப்பு நியூட்ரல். வெளிநாட்டிலிருந்து வரும் பல சாதனங்களில் நீலமே நியூட்ரல். ஒரே பெட்டிக்குள் இரண்டும் சந்தித்தால், வண்ணத்தை நம்பியவன் மாட்டிக்கொள்வான். கருவியை நம்ப வேண்டும். கருவியைப் பிடித்திருக்கும் பையனின் குரலை நம்ப வேண்டும்.

அந்த அதிகாரியின் பதிலை நான் இன்றும் மதிக்கிறேன். உண்மையான படைவீரர்களுக்கு இது எளிதில் புரியும். துப்பாக்கி சுடும் திடலில் யார் ஆபத்தைக் கண்டாலும் சுடுவதை நிறுத்தக் குரல் கொடுக்கலாம். அதற்குப் பதவி பார்ப்பதில்லை. நாம் கேட்பதும் அதே ஒழுங்கைத்தான். தெளிவாகச் சொன்னால், கட்டளை உலகம் நமக்குப் பகையாக நிற்பதில்லை. தயங்கி, மழுப்பி, "பார்க்கிறேன் துவான்" என்று சொல்லிவிட்டுக் குழுவை அவசரப்படுத்தும் தலைவனால்தான் ஆபத்து வருகிறது.

ஜெனரேட்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1996 ஆகஸ்ட் 3ஆம் நாள் பலருக்கு நினைவிருக்கும். திரெங்கானு பாக்கா மின்நிலையத்தில் தொடங்கிய கோளாறில் தீபகற்பமே பல மணி நேரம் இருண்டது. முகாமுக்கு அப்படி ஒரு நாளில்தான் ஜெனரேட்டர் வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை சுமையில்லாமல் ஓட்டி நிறுத்திவிட்டு, புத்தகத்தில் சரி என்று குறியிடுவது போதாது. சுமையில்லாமலே ஓடும் டீசல் எஞ்சினில் எரியாத எண்ணெய் புகைக்குழாயில் படியும். உண்மையான சுமையைக் கொடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். கிளம்பாத ஜெனரேட்டர்களில் பெரும்பாலும் குற்றவாளி ஸ்டார்ட்டர் பேட்டரி. அதைத் தனியே சோதிக்க வேண்டும். அதோடு, ஜெனரேட்டர் மின்சாரம் வெளி லைனுக்குத் திரும்பிப் போகாதபடி மாற்றும் சுவிட்சின் பூட்டமைப்பைப் பார்க்க வேண்டும். நாம் அனுப்பும் மின்சாரம், இருட்டில் கம்பத்தில் ஏறி வேலை செய்யும் இன்னொரு தொழிலாளியைக் கொல்லக் கூடாது.

இனி மனிதர்களைப் பற்றி. குழு என்பது கருவிகளின் கூட்டம் இல்லை. என் குழுவில் மலாய்க்காரப் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். வேலை மொழி மலாய். தமிழ்ப் பிள்ளைகள் தங்களுக்குள் தமிழில் பேசிக்கொள்வது இயல்பு. ஆனால் பூட்டு மாட்டிய பிறகு எல்லோருக்கும் புரியும் ஒரே மொழியில்தான் பேச்சு இருக்க வேண்டும் என்று வைத்திருந்தோம். ஒருவனுக்குப் புரியாத எச்சரிக்கையால் அவனுக்குப் பயனில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது, தலைவன் சொல்லி முடித்ததும் இளையவன் முதலில் பேச வேண்டும் என்ற வழக்கமும் வைத்தோம். பெரியவர்கள் பேசிவிட்டால் சின்னவன் தன் சந்தேகத்தை விழுங்கிவிடுவான். அவன் முதலில் "இன்னைக்கு எது பயமா இருக்கு" என்று சொல்லிவிட்டால், அதற்குப் பின் அனுபவமுள்ளவர்கள் வழி சொல்வார்கள். சில வாரம் கூச்சமாக இருக்கும். பிறகு வழக்கமாகிவிடும்.

இரவு அழைப்பு இன்னொன்று. முகாம் தூங்குவதில்லை. வேலி விளக்கு அணைந்தால் நடுச்சாமத்திலும் கூப்பிடுவார்கள். பகல் முழுக்க வேலை செய்தவனை மழையில் ஏணியில் ஏற்றக் கூடாது. அந்த இரவுக்கு வேறு காவல் ஏற்பாடு செய்யும்படி கேட்டு, விடிந்தபின் ஏற வேண்டும். தனியாக ஒருவனை அனுப்பவே கூடாது. இருவர் போக வேண்டும். ஒருவர் வேலை செய்ய, மற்றவர் பார்க்க. பார்ப்பவருக்கு மின்சாரத்தை எங்கே துண்டிப்பது என்றும், மார்பை அழுத்தி உயிர் மீட்கும் முதலுதவியும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசியாக, முன்னால் சொன்ன கேபிள் அறிவுக்கு வருகிறேன். ஒப்பந்த முறையில் சில ஆண்டுக்கு ஒருமுறை நிறுவனம் மாறுகிறது. சட்டையில் பெயர் மாறுகிறது. பல இடங்களில் அதே தொழிலாளிகள் புதிய நிறுவனத்தில் மறுபடி புதியவர்களாகச் சேர்கிறார்கள். ஆண்டுக் கணக்கான அனுபவம் சம்பளச் சீட்டில் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. மாறிப் போகும் நிறுவனத்தோடு பழைய அளவீட்டுப் புத்தகமும் போய்விட்டால், எர்த்துத் தடை போன வருடம் எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. இது தொழிலாளிக்கும் அநீதி, முகாமுக்கும் ஆபத்து. அளவீட்டுப் பதிவுகள் முகாமின் சொத்தாக அங்கேயே இருக்க வேண்டும். அனுபவமும் சான்றிதழும் உள்ளவருக்கு, நிறுவனம் மாறினாலும் அதற்குரிய ஊதியம் தொடர வேண்டும். ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டையும் வரியாகச் சேர்க்க வேண்டும் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். குறைந்த விலைக்கு வேலையை எடுத்துக்கொண்டு, சோதனையைக் குறைத்து லாபம் பார்க்கும் வழி அடைபட வேண்டும். பாக்தாத்தில் நாம் பார்த்தது சோதனை இல்லாத பராமரிப்பின் முடிவைத்தான்.

தம்பி தங்கைகளே, தொழிற்கல்வி என்றால் படிப்பு வராதவர்களின் கடைசிப் போக்கிடம் என்று இன்னும் சில வீடுகளில் நினைக்கிறார்கள். பெற்றோர்களிடம் நேரடியாகச் சொல்கிறேன்: அந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். மலேசியத் திறன் தகுதிகள் முதல் நிலையிலிருந்து ஐந்தாம் நிலை வரை படிப்படியாக இருக்கின்றன. போர்ட்டிக்சனில் பாலிடெக்னிக் இருக்கிறது. வயர்மேன் சான்றிதழிலிருந்து சார்ஜ்மேன் வரை, அங்கிருந்து சூப்பர்வைசர், பொறியாளர் வரை வழி திறந்திருக்கிறது. மகள்களையும் அனுப்புங்கள். மெக்கரால் காப்புத் தடையை அளப்பதற்கும், வரைபடத்தைத் திருத்தி எழுதுவதற்கும், பூட்டை மாட்டுவதற்கும் ஆண் கை பெண் கை என்ற பேதமில்லை.

சான்றிதழை வாங்குங்கள். சான்றிதழ் இல்லாமல் பெரிய போர்டில் கை வைக்காதீர்கள். யார் சொன்னாலும் வைக்காதீர்கள். ஒரு நாள் உங்கள் கீழே நான்கு பேர் வேலை செய்வார்கள். அன்று காலை முதல் வேலையாக, அவர்களில் இளையவரின் கையில் அவருக்கென்று ஒரு பூட்டையும் சாவியையும் கொடுங்கள். "நீ நிறுத்து என்றால் நான் நிறுத்துவேன், அதற்காக உன்மேல் ஒருவரும் கோபப்பட நான் விடமாட்டேன்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். பிறகு அவர் முதன்முறை நிறுத்தும்போது, காரணம் சின்னதாக இருந்தாலும், தவறாகவே இருந்தாலும், நன்றி சொல்லுங்கள். அந்த ஒரு நன்றியைப் பார்த்துத்தான் அடுத்தவர் வாய் திறப்பார். நம் சமூகத்திலிருந்து அப்படிப்பட்ட குழுத் தலைவர்கள் வர வேண்டும். அவர்கள் இந்த அவையிலிருந்தே வர வேண்டும் என்பது என் விருப்பம்.